நிலக்கரியும் அணைக்கட்டும்: ஒரு வழக்கறிஞரின் தடம் தேடி

அமெரிக்காவில் தகடு வேலை, குழாய் வேலை, மின்வேலை செய்யும் கட்டடத் தொழிலாளிகளுக்குப் பல ஊர்களில் தொழிற்சங்கம்தான் வேலை ஒதுக்கித் தருகிறது. ஒப்பந்தக்காரர் சங்க அலுவலகத்துக்கு ஆள் வேண்டுமென்று சொல்லி அனுப்புவார். பதிவேட்டில் பெயர் உள்ள ஒருவரைச் சங்கம் அனுப்பி வைக்கும். அந்தப் பதிவேட்டை வைத்திருப்பவர் நினைத்தால் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரியும், நினைக்காவிட்டால் எரியாது. ஒஹையோ மாநிலத்துத் தகடு வேலைத் தொழிலாளி ஒருவர், சங்கத் தேர்தலில் எதிரணியை ஆதரித்த குற்றத்துக்காகத் தன்னை வேலைக்கு அனுப்பாமல் ஒதுக்குகிறார்கள் என்று வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 1989 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது. வேலை ஒதுக்கும்போதும் சங்கம் தன் பொறுப்பில் உள்ள எல்லோரிடமும் நேர்மையாக நடந்துகொள்ளக் கடமைப்பட்டது என்று நீதிபதி பிரென்னன் எழுதினார்.

கட்டடத் தொழில் வழக்குகளின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்த எனக்கு இந்தத் தீர்ப்பில் ஒரு கேள்வி நின்றது. சங்கத்துக்கு இருப்பதாகச் சொல்லப்படும் அந்தக் கடமை, நாடாளுமன்றம் இயற்றிய தொழிலாளர் சட்டங்களில் எழுதப்பட்டிருக்கவில்லை. நீதிமன்றம்தான் அதைச் சட்டத்திலிருந்து வருவித்திருக்கிறது. அப்படியானால் முதன்முதலில் அதை வருவிக்கச் சொல்லிக் கேட்டவர் யார்? நீதிபதிகள் தாங்களாக எதையும் வருவிப்பதில்லை. யாரோ ஒரு வழக்கறிஞர் எழுந்து நின்று கேட்டிருக்க வேண்டும். அவர் பின்னால் ஒரு கட்சிக்காரர் இருந்திருக்க வேண்டும். அந்தக் கட்சிக்காரருக்குப் பொறுக்க முடியாத ஒன்று நடந்திருக்க வேண்டும்.

பிரென்னனின் தீர்ப்பு காட்டும் முன்னோடி வழக்குகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், எல்லாத் தடங்களும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் திரட்டின் 323-ஆம் தொகுதியில், 192-ஆம் பக்கத்தில் போய் முடிகின்றன. ஸ்டீல் எதிர் லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வே. தீர்ப்பு நாள் 1944 டிசம்பர் 18. கட்டடத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத வழக்கு. நீராவி எஞ்சினில் கரி அள்ளிப் போட்ட ஒரு ஃபயர்மேனின் வழக்கு.

அந்தத் தொகுதியை அங்கேயே மூடிவிட முடியவில்லை. 192-இல் ஸ்டீல். 210-இல் அதே பிரச்சினை பற்றிய இன்னொரு ஃபயர்மேனின் வழக்கு, டன்ஸ்டல். இன்னும் நான்கு பக்கம் தள்ளினால், 214-இல், கொரெமாட்சு. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களைப் போர்க்காலத்தில் வீடுவாசலை விட்டு அப்புறப்படுத்தியது செல்லும் என்று சொன்ன, இன்றுவரை அந்த நீதிமன்றத்தின் மீது படிந்திருக்கும் கறை. மூன்றும் ஒரே நாளில் வாசிக்கப்பட்ட தீர்ப்புகள். கொரெமாட்சுவில் அரசுக்காக வாதாடிய சொலிசிட்டர் ஜெனரல் சார்ல்ஸ் ஃபாகிதான், ஸ்டீல் வழக்கில் கறுப்பின ஃபயர்மேனுக்கு ஆதரவாக அரசின் கருத்தை முன்வைத்திருக்கிறார். அந்த இரண்டு வழக்குகளின் வழக்கறிஞர் பட்டியல்களிலும் ஒரே பெயரைப் பார்த்தபோது சட்டத்தின் வரலாற்றை நேர்கோடாக எழுதுகிறவர்கள் மீது எனக்கிருந்த நம்பிக்கை இன்னும் கொஞ்சம் குறைந்தது.

நான் தேடியது ஃபாகியை அல்ல. ஸ்டீலுக்காக வாதாடியவர் பெயர் சார்ல்ஸ் ஹாமில்டன் ஹூஸ்டன். உடன் ஜோசப் வாடி, ஆர்தர் ஷோர்ஸ்.

ஹூஸ்டன் பெயர் தெரிந்தவர்களுக்கு அவர் பள்ளிக்கூட வழக்கறிஞர். 1895-இல் வாஷிங்டனில் பிறந்தவர். தந்தையும் வழக்கறிஞர். முதல் உலகப் போரில் படை அதிகாரி. ஹார்வர்ட் சட்ட இதழின் ஆசிரியர் குழுவில் இடம்பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1929-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியின் பொறுப்பேற்று, மாலை நேரக் கல்லூரியாக இருந்ததைச் சில ஆண்டுகளில் முழு அங்கீகாரம் பெற்ற பகல் நேரக் கல்லூரியாக மாற்றியவர். அவரிடம் படித்து 1933-இல் வெளிவந்தவர் பின்னாளில் உச்ச நீதிமன்ற நீதிபதியான தர்குட் மார்ஷல். என்.ஏ.ஏ.சி.பி. என்ற கறுப்பின உரிமை அமைப்பின் தலைமை வழக்கறிஞராக இருந்து, மேரிலாந்து சட்டக் கல்லூரியின் கதவைக் கறுப்பினத்தவருக்குத் திறக்க வைத்தார்; மிசூரி சட்டக் கல்லூரி வழக்கிலும் வென்றார். 1954-இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்ற தீர்ப்பு வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே இறந்துபோனார். பாடநூல்கள் சொல்லும் ஹூஸ்டன் இவ்வளவுதான். மிசூரி வழக்கின் வெற்றி 1938 டிசம்பரில் வந்தது. அதே ஆண்டில்தான் அவர் அந்த அமைப்பின் நியூயார்க் அலுவலகத்தை விட்டுத் தந்தையின் வாஷிங்டன் அலுவலகத்துக்குத் திரும்பியிருந்தார். அதோடு பல நூல்கள் அவரை விட்டுவிட்டு மார்ஷலின் பின்னால் போய்விடுகின்றன. மீதமிருந்த பன்னிரண்டு ஆண்டுகள் அவர் என்ன செய்தார்?

பதில் 323-ஆம் தொகுதியில் பாதி இருக்கிறது. வாஷிங்டன் திரும்பியதும் அவரைத் தேடி வந்த கட்சிக்காரர்களில் கறுப்பின ரயில்வே தொழிலாளர்களின் இரண்டு சிறிய சங்கங்கள் இருந்தன. பெரிய நன்கொடையாளர் யாரும் அவற்றின் பின்னால் இல்லை. கரி தள்ளியவர்களும் பிரேக் பிடித்தவர்களும் தங்கள் சம்பளத்திலிருந்து கொடுத்த சந்தா, அவ்வளவே. தொழிற்சங்கம் தன் எல்லா ஆட்களுக்கும் பொறுப்பு என்ற இன்றைய அமெரிக்கச் சட்டத்தின் முதல் செலவு அந்தச் சந்தாவிலிருந்து போனது.

ஸ்டீலுக்கு நடந்ததைத் தீர்ப்பு தேதிவாரியாகச் சொல்கிறது. நாள்களைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டு படித்தபோதுதான் எனக்கு அதன் முழு உருவம் பிடிபட்டது.

பெஸ்டர் வில்லியம் ஸ்டீல் அலபாமாவில் பயணி ரயில்களுக்கான ஃபயர்மேன் குழுவில் இருந்தார். அந்தக் குழுவில் ஒரு வெள்ளையர், ஐந்து கறுப்பினத்தவர். நல்ல சம்பளம், ஒழுங்கான நேரம் என்பதால் எல்லோரும் விரும்பும் இடம். 1940 மார்ச் 28 அன்று, லோகோமோட்டிவ் ஃபயர்மேன்களின் பிரதர்ஹூட் சங்கம் இந்த ரயில்வேக்கும் தென்கிழக்குப் பகுதியின் வேறு 20 ரயில்வேக்களுக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பியது. கறுப்பின ஃபயர்மேன்களைப் படிப்படியாக அறவே நீக்கும் வகையில் ஒப்பந்தத்தை மாற்ற வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்த ஃபயர்மேன்கள் யாருக்கும் இது தெரிவிக்கப்படவில்லை. 1941 பிப்ரவரி 18 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒவ்வொரு வகைப் பணியிலும் அவர்கள் 50 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவுக்கு இறங்கும்வரை புதிய வண்டிகளும் காலியிடங்களும் வெள்ளையர்களுக்கே. ஏப்ரல் 1 வாக்கில் வண்டி ஓடும் தூரம் குறைந்ததைக் காரணம் காட்டி, ஸ்டீல் இருந்த குழுவின் எல்லா இடங்களும் காலி என்று அறிவிக்கப்பட்டன. அந்த இடங்களில் நான்கு வெள்ளையர்கள் அமர்த்தப்பட்டார்கள். நால்வரும் ஸ்டீலைவிடப் பணிமூப்பில் குறைந்தவர்கள். ஸ்டீல் 16 நாள் வேலையில்லாமல் இருந்தார். பிறகு சரக்கு ரயிலில், கூடுதல் நேரம், குறைந்த கூலிக்கு. அங்கிருந்தும் இளையவர் ஒருவருக்காக அகற்றப்பட்டு, நிலைய வளாகத்தில் பெட்டி மாற்றும் எஞ்சினில், இன்னும் கடினமாக, இன்னும் குறைவாக.

பிறகு 1942 ஜனவரி 3. அன்று அவரைத் திடீரென்று பயணி ரயிலுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஏன்? ஒப்பந்தம் மாறவில்லை. விழுக்காடு மாறவில்லை. ஜனவரி 3-க்குள் மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: ஸ்டீலின் வழக்கு நீதிமன்றத்தில் பதிவாகிவிட்டது. தீர்ப்பு இதை ஒரு துணைவாக்கியத்தில் சொல்லிவிட்டு நகர்கிறது. என் கணிப்பில் அது ஒரு தப்பும் வழி. வாதியின் குறையைத் தீர்த்துவிட்டோம், இனி வழக்குக்கு வேலை இல்லை என்று சொல்வதற்கான ஏற்பாடு. அது பலிக்காமல் போனதற்குக் காரணம், மனு எழுதப்பட்ட விதம். ஸ்டீல் தனக்காக மட்டும் கேட்கவில்லை; தன்னைப் போன்ற கறுப்பின ஃபயர்மேன்கள் எல்லோருக்காகவும் கேட்டிருந்தார். ஒருவரைத் திருப்பி அமர்த்தினாலும் மற்றவர்களின் குறை மிச்சம் இருக்கும். இழப்பீட்டுக் கோரிக்கையும் இருக்கும். எதிராளி பின்னால் என்ன செய்வார் என்று முன்னமே யோசித்து எழுதிய மனு அது.

தீர்ப்பின் அடிக்குறிப்பில் அந்த 1941 ஒப்பந்தத்தின் வாசகம் அச்சாகியிருக்கிறது. அதில் நிறத்தைப் பற்றியோ இனத்தைப் பற்றியோ ஒரு சொல் கிடையாது. பதவி உயர்வுக்கு உரியவர்கள், உரியவர் அல்லாதவர்கள் என்றுதான் பிரிக்கிறது. நடப்பிலுள்ள விதிகளின்படியும் வழக்கத்தின்படியும் எஞ்சின் ஓட்டுநராக உயர வரிசையில் நிற்பவர் உரியவர்; மற்றவர் 50 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. படித்துப் பார்க்கும் யாரும் இதில் என்ன குற்றம் என்றே கேட்பார்கள். ஆனால் தென் மாநில ரயில்களில் கறுப்பினத்தவர் யாரும் ஓட்டுநராக உயர்த்தப்படுவதில்லை என்பதே வழக்கம். இருபது ஆண்டு கரி தள்ளினாலும் அவர் ஃபயர்மேன்தான். அந்த ஒரு சொல்லுக்குள், 'வழக்கம்' என்பதற்குள், நிறம் முழுவதையும் ஒளித்துவைத்துவிட்டார்கள். ஓர் ஆவணத்தில் இல்லாததைத் தேடத் தெரிந்திருக்க வேண்டும் என்பதை எந்த ஆய்வாளருக்கும் இதைவிட நன்றாக யாரும் கற்பிக்க முடியாது.

இவ்வளவு கொடுமை ஏன் என்று புரிந்துகொள்ள எஞ்சினுக்குள் ஏறிப் பார்க்க வேண்டும். கையால் கரி அள்ளிப் போட்ட காலத்தில் ஃபயர்மேன் வேலை உடலை உருக்கும் வேலை. வெந்து, கறுத்து, முதுகு ஒடியும். தென் மாநிலங்களில் அதனால்தான் அது பெருமளவு கறுப்பினத்தவரிடம் இருந்தது. பிறகு இயந்திரம் கரி தள்ளத் தொடங்கியது. வேலை இலேசானது, கூலி உயர்ந்தது, பொருளாதாரப் பெருமந்தம் வந்து வேறு வேலை எதுவும் இல்லாமல் போனது. விரும்பாமல் விட்டிருந்த இடம் இப்போது விரும்பத்தக்கதாகிவிட்டது. 1930-களின் தொடக்கத்தில் மிசிசிப்பி பகுதியில் கறுப்பின ஃபயர்மேன்கள் பணியில் இருக்கும்போதே மறைந்திருந்து சுடப்பட்டார்கள். பலர் செத்தார்கள். அவர்கள் இடம் காலியாக வேண்டும் என்பதே கொலைக்குக் காரணம். துப்பாக்கியால் செய்ததையே 1941 ஒப்பந்தம் தாளிலும் மையிலும் செய்தது என்று நான் சொன்னால் அது மிகையாகாது. அதைத் தடுக்க அந்த ஃபயர்மேன்களுக்கு வாக்கு இல்லை, ஏனெனில் பிரதர்ஹூட் வெள்ளையரை மட்டுமே உறுப்பினராகச் சேர்த்தது. ஆனால் 1934-இல் திருத்தப்பட்ட ரயில்வே தொழிலாளர் சட்டப்படி, பெரும்பான்மை தேர்ந்தெடுத்த சங்கம்தான் அந்தத் தொழிலில் உள்ள எல்லோருக்கும் ஒரே பிரதிநிதி. உள்ளே நுழையவே விடாத சங்கம், அவர்கள் பெயரால் கையெழுத்துப் போட்டு, அவர்கள் வேலையையே பறித்தது.

அடுத்து எனக்கு விளங்காமல் இருந்தது, ஒரே பிரச்சினைக்கு ஏன் இரண்டு வழக்குகள் என்பது. டாம் டன்ஸ்டல் வர்ஜீனியாவின் நார்ஃபோக் பகுதி ஃபயர்மேன். 1941 அக்டோபரில் அவருடைய பயணி ரயில் பணி பிரதர்ஹூட் உறுப்பினர் ஒருவருக்குப் போனது. ஸ்டீலின் வழக்கு அலபாமா மாநில நீதிமன்றத்தில். டன்ஸ்டலின் வழக்கு கூட்டாட்சி நீதிமன்றத்தில். விடை 1942-ஆம் ஆண்டின் வேறொரு தீர்ப்பில் கிடைத்தது. டீக் என்ற ஃபயர்மேனுக்காகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு, இது கூட்டாட்சிச் சட்டத்திலிருந்து எழும் பிரச்சினையே அல்ல, இங்கே கேட்க அதிகாரமில்லை என்று மேல்முறையீட்டில் தள்ளுபடியானது. கூட்டாட்சி நீதிமன்றம் 'என் வாசல் அல்ல' என்றால், மாநில நீதிமன்றம் 'என் சட்டம் அல்ல' என்று சொல்லிவிடும் ஆபத்து இருந்தது. ஹூஸ்டன் இரண்டு வாசலிலும் ஒரே சமயத்தில் தட்டினார். எது மூடினாலும் உச்ச நீதிமன்றம் அந்த மூடிய கதவையே பார்த்தாக வேண்டும். இரண்டுமே மூடின. 1944 ஜனவரியில் அலபாமா உச்ச நீதிமன்றம், பெரும்பான்மையின் பிரதிநிதிக்குச் சிறுபான்மையைப் பாதிக்கும் ஒப்பந்தம் போட அதிகாரம் உண்டு என்றது. டன்ஸ்டல் வழக்கில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அதிகாரமில்லை என்றது. நவம்பர் நடுவில் இரண்டும் வாஷிங்டனில் வாதத்துக்கு வந்தன.

தலைமை நீதிபதி ஸ்டோனின் தீர்ப்பு ஹூஸ்டனின் அடிப்படைக் கருத்தை ஏற்றது. சட்டம் ஒரு சங்கத்துக்கு எல்லோர் பெயராலும் பேசும் தனி அதிகாரத்தைத் தருகிறதென்றால், அந்தச் சங்கம் சட்டமன்றத்தைப் போன்றது. சட்டமன்றத்துக்கு எல்லாக் குடிமக்களையும் சமமாகக் காக்கும் கடமை எவ்வளவு உண்டோ, அதற்குக் குறையாத கடமை இதற்கும் உண்டு. இனத்தைக் காரணமாக வைத்துப் பாகுபடுத்தும் ஒப்பந்தம் அந்தக் கடமையை மீறியது. டன்ஸ்டல் வழக்கில் கூட்டாட்சி நீதிமன்றத்தின் கதவும் திறந்தது. நீதிபதி மர்ஃபி முடிவை ஒப்புக்கொண்டார், ஆனால் சட்டத்துக்குப் பொருள் சொல்லிவிட்டு அரசியலமைப்பைத் தொடாமல் போவது போதாது என்று தனியாக எழுதினார். கறுப்பினத்தவருக்கு இழைக்கப்பட்ட பொருளாதாரக் கொடூரத்தை எந்தச் சட்ட விளக்கமும் துடைத்துவிடாது என்பது அவர் கருத்து. இனவெறி என்ற சொல்லை அவர் அன்று தயங்காமல் எழுதினார். 214-ஆம் பக்கத்தில் தொடங்கும் வழக்கின் மாறுபட்ட தீர்ப்பிலும் எழுதினார். அந்தத் தொகுதியில் மனசாட்சி நழுவாமல் இரண்டு இடத்திலும் நின்ற மனிதர் அவர்.

இத்தோடு தேடல் முடிந்திருக்கலாம். ஆனால் என் கேள்வி கட்டடத் தொழிலிலிருந்து தொடங்கியது. ரயிலுக்கும் கட்டுமானத்துக்கும் சட்டக் கோட்பாடு மட்டும்தான் பாலமா, அல்லது ஹூஸ்டனின் வாழ்க்கையிலேயே ஒரு பாலம் இருக்கிறதா என்று பார்க்க விரும்பினேன். என்.ஏ.ஏ.சி.பி.யின் இதழான 'தி கிரைசிஸ்' பழைய இதழ்களை அவர் பெயரை வைத்துப் புரட்டினேன். 1934 அக்டோபர் இதழில் அவர் பெயர் ஜான் பி. டேவிஸ் என்ற இன்னொரு ஹார்வர்ட் வழக்கறிஞரின் பெயரோடு சேர்ந்து இருந்தது. கட்டுரையின் பொருள் ஓர் அணைக்கட்டு.

டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையம் 1933 மே மாதம் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் கையெழுத்தில் பிறந்தது. ஆற்றை அடக்கி, மின்சாரம் எடுத்து, வறுமையில் கிடந்த பகுதியை எழுப்பும் பெருந்திட்டம். அதன் முதல் அணையான நாரிஸ் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. தொழிலாளர்களுக்காக அருகில் நாரிஸ் என்ற பெயரிலேயே ஒரு மாதிரி நகரத்தை அரசு கட்டியது. ஹூஸ்டனும் டேவிஸும் நேரில் போய்ப் பார்த்தார்கள். அந்த மாதிரி நகரத்தில் கறுப்பினக் குடும்பம் எதற்கும் வீடு கிடையாது. மக்கள்தொகை விகிதப்படி கறுப்பினத்தவரை வேலைக்கு எடுக்கிறோம் என்று ஆணையம் கணக்குக் காட்டியது. கிடைத்தவை மண் வெட்டும், சுமக்கும் வேலைகள். தலையெண்ணிக்கையில் பங்கு இருந்தது. கூலியில் இல்லை, தொழிற்பயிற்சியில் இல்லை, வீட்டில் இல்லை. பொதுப்பணத்தில் எழும் அணை வெள்ளையருக்கான எதிர்காலத்தைக் கட்டுகிறது என்பதே அவர்கள் கட்டுரையின் சாரம்.

இதைப் படித்த பிறகு 1934, 1935 ஆண்டுகளை மாதவாரியாகப் பிரித்து வைத்துப் பார்த்தேன். 1934 ஜூன் 21: பெரும்பான்மைச் சங்கமே எல்லோருக்கும் பிரதிநிதி என்ற ரயில்வே சட்டத் திருத்தம். அக்டோபர்: அணைக்கட்டு கட்டுரை. அதே பருவத்தில் ஹூஸ்டன் படக் கருவியோடு தென் கரோலினா போய், கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக் கொட்டகைகளைப் படம்பிடிக்கிறார். 1935 தொடக்கத்தில் செனட் குழுவின் முன் நிற்கிறார். சமூகப் பாதுகாப்பு மசோதா விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலைக்காரர்களையும் விட்டுவிடுகிறது. கறுப்பினத்தவரில் பெரும்பாலோர் அந்த இரண்டு வேலைகளில்தான் இருக்கிறார்கள். அவர்கள் நழுவி விழுவதற்கென்றே துளையிட்ட சல்லடை போன்றது இந்தச் சட்டம் என்று அங்கே சொல்கிறார். மசோதாவிலும் இனம் பற்றி ஒரு சொல் இல்லை. 1935 ஜூலையில் ரயில்வே அல்லாத பல தொழில்களுக்கான தொழிலாளர் உறவுச் சட்டம் வருகிறது. இனப்பாகுபாடு காட்டும் சங்கத்துக்கு அந்தச் சட்டத்தின் பலன் கூடாது என்று கறுப்பின அமைப்புகள் கேட்டிருந்தன, அது சேர்க்கப்படவில்லை.

என் வாதம் இது. ஸ்டீல் வழக்கின் சிந்தனை 1941-இல் பிறந்ததல்ல. நடுநிலையாகத் தெரியும் வாசகம், பொதுச்சட்டம் தரும் அதிகாரம், அந்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு வெளியே நிறுத்தப்படும் மக்கள் என்ற மூன்றையும் ஹூஸ்டன் அணைக்கட்டிலும் செனட் அறையிலும் ஏழு ஆண்டு முன்னதாகவே ஒன்றாகப் பார்த்துவிட்டார். ரயில் ஒப்பந்தத்தில் இல்லாத சொல்லை அவரால் கண்டுபிடிக்க முடிந்தது, ஏற்கெனவே வேறு ஆவணங்களில் அதைத் தேடிப் பழகியிருந்ததால்தான். இதற்கு இன்னொரு தேதியும் வலுச்சேர்க்கிறது. பிரதர்ஹூட் தன் அறிவிப்பை அனுப்பிய அதே 1940-ஆம் ஆண்டில்தான் டென்னஸி ஆணையம் கட்டடத் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்போடு பொது ஒப்பந்தம் செய்துகொண்டது. அவற்றில் பல கறுப்பினத்தவரை உறுப்பினராகச் சேர்க்காதவை. ரயிலில் நடந்ததும் அணையில் நடந்ததும் ஒரே ஏற்பாடுதான்.

கல்வி வழக்குகளின் ஹூஸ்டன், வேலை வழக்குகளின் ஹூஸ்டன் என்று அவரை இரண்டாகப் பிரிப்பதும் ஆவணங்களின் முன் நிற்காது. உள்ளூர் வழக்கறிஞர்களின் பெயர்களைப் பாருங்கள். டன்ஸ்டலுக்காக வர்ஜீனியாவில் நின்றவர் ஆலிவர் ஹில். ஹோவர்டில் ஹூஸ்டனிடம் மார்ஷலோடு ஒரே வகுப்பில் படித்தவர். பத்தாண்டு கழித்து, 1954 தீர்ப்பில் அடங்கிய ஐந்து வழக்குகளில் ஒன்றான பிரின்ஸ் எட்வர்ட் கவுண்டி மாணவர்களின் வழக்கை எடுத்து நடத்தியவரும் அவரே. ஸ்டீலுக்காக பர்மிங்ஹாமில் நின்ற ஆர்தர் ஷோர்ஸ், அலபாமாவில் அப்போது தொழில் செய்த மிகச் சில கறுப்பின வழக்கறிஞர்களில் ஒருவர். 1950-களில் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஒதரின் லூசி நுழைவதற்காக வாதாடினார். 1963-இல் அவர் வீட்டின் மீது இரண்டு முறை குண்டு வீசினார்கள். 1920-களின் இறுதியிலேயே ஹூஸ்டன் கறுப்பின வழக்கறிஞர்களைப் பற்றிக் களஆய்வு செய்து, தென் மாநிலங்களில் அவர்கள் எவ்வளவு அருகிப்போயிருக்கிறார்கள் என்று கண்டிருந்தார். ஹோவர்டில் அவர் உருவாக்கிய மாணவர்கள் அந்த வெற்றிடத்துக்கான பதில். ஃபயர்மேன்கள் கொடுத்த சந்தாவில் அவர்கள் கூட்டாட்சி நீதிமன்றங்களின் நடைமுறையில் பழகினார்கள் என்பதை, பள்ளி வழக்குகளின் வரலாறு எழுதுகிறவர்கள் கட்டாயம் சொல்லியாக வேண்டும்.

ஹூஸ்டனின் தடம் நீதிமன்றத்துக்கு வெளியிலும் தொடர்கிறது. போர்க்கால அரசின் வேலைவாய்ப்பு நியாயக் குழுவின் பதிவுகள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 1943 செப்டம்பரில் அந்தக் குழு ரயில்வேக்களைப் பகிரங்கமாக விசாரித்தபோது சாட்சிகளை நடத்திய வழக்கறிஞர்களில் ஹூஸ்டனும் ஒருவர். பாகுபாட்டை நிறுத்து என்று குழு உத்தரவிட்டது. தென் மாநில ரயில்வேக்கள் கீழ்ப்படிய மறுத்துவிட்டன. அடுத்த ஆண்டு ரூஸ்வெல்ட் ஹூஸ்டனையே குழுவின் உறுப்பினராக்கினார். 1945 இறுதியில் வாஷிங்டனின் டிராம் நிறுவனமான கேப்பிட்டல் டிரான்சிட்டை, வேலைநிறுத்தத்தின்போது அரசு தன் பொறுப்பில் எடுத்தது. கறுப்பினத்தவரை ஓட்டுநராக எடுக்காத அந்த நிறுவனத்துக்கு உத்தரவு அனுப்பக் குழு முனைந்தபோது, குடியரசுத் தலைவர் ட்ரூமன் அனுமதிக்கவில்லை. ஹூஸ்டன் டிசம்பரில் ராஜினாமா செய்தார். அரசே நடத்தும் வண்டியில் அரசின் கொள்கை செல்லாதென்றால் குழுவில் உட்கார்ந்திருப்பதில் பொருளில்லை என்ற அவர் முடிவில் எனக்கு முழு உடன்பாடு.

ஸ்டீல் தீர்ப்பைப் போற்றும்போது அது செய்யாததையும் சொல்ல வேண்டும். சங்கம் யாரை உறுப்பினராகச் சேர்ப்பது என்பதில் தலையிடவில்லை என்று ஸ்டோன் தெளிவாக எழுதிவிட்டார். ஆகவே ஃபயர்மேன்கள் வாசலுக்கு வெளியிலேயே நின்றார்கள்; அவர்களுக்கு நேர்மை செய்யக் கடமைப்பட்டவர்கள் உள்ளே கதவைத் தாழிட்டுக்கொண்டு கூடினார்கள். ஒப்பந்தங்கள் வேறு வடிவத்தில் தொடர்ந்தன. 1949 நவம்பரில் கிரகாம் வழக்கில் பிரதர்ஹூடுக்கு எதிராக மறுபடியும் உச்ச நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. அங்கும் ஹூஸ்டன், வாடி பெயர்கள். அதற்குள் டீசல் எஞ்சின் வந்து, ஃபயர்மேன் என்ற தொழிலே கரையத் தொடங்கியிருந்தது. உரிமை உறுதியாகும்போது உரிமைக்குரிய வேலை இல்லாமல் போவது தொழிலாளர் வரலாற்றில் மறுபடி மறுபடி நடக்கிறது. சட்டம் நடக்கும் வேகத்துக்கும் வயிறு காத்திருக்கும் காலத்துக்கும் பொருத்தம் இருப்பதில்லை. சங்கங்கள் இனம் பார்த்து உறுப்பினர் சேர்ப்பதை நாடாளுமன்றம் சட்டத்தால் தடுத்தது 1964-இல்தான்.

அந்தக் கிரகாம் வழக்கின் காலத்தில் ஹூஸ்டனின் இதயம் பழுதாகியிருந்தது. அதற்கு முன்னால், 1948-இல், வாஷிங்டனில் கறுப்பினத்தவருக்கு வீடு விற்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதும் வழக்கத்தை உடைத்த ஹர்ட் வழக்கை வென்றிருந்தார். நாரிஸ் நகரத்தில் பார்த்த வீட்டுப் பிரச்சினையின் இன்னொரு முகம் அது. வாஷிங்டன் பள்ளிகளுக்கு எதிராகக் கறுப்பினப் பெற்றோர் நடத்திய போராட்டத்துக்கும் அவர்தான் வழக்கறிஞர். படுத்த பிறகு அந்தப் பெற்றோரின் தலைவரான கார்ட்னர் பிஷப்பிடம், இனி வழக்கறிஞர் ஜேம்ஸ் நாப்ரிட்டைப் பாருங்கள் என்று ஒப்படைத்தார். 1950 ஏப்ரல் 22 அன்று தன் ஐம்பத்து நான்காவது வயதில் இறந்தார்.

ஹூஸ்டனின் பெயருக்குக் கீழே எப்போதும் இரண்டாவதாக வரும் ஜோசப் வாடியை யாரும் தேடுவதில்லை; நான் தேடினேன். ஹோவர்டில் படித்து ஹூஸ்டனின் அலுவலகத்தில் சேர்ந்தவர். ரயில்வே வழக்குகளின் சுமையை ஆண்டுக்கணக்கில் அவரோடு சேர்ந்து இழுத்தவர். 1967-இல் குடியரசுத் தலைவர் ஜான்சன் அவரை வாஷிங்டன் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தின் நீதிபதியாக்கினார். 1972-இல் அவர் முன் மில்ஸ் என்ற வழக்கு வந்தது. உடற்குறையோ மனவளர்ச்சிக் குறையோ உள்ள பிள்ளைகளுக்கு இடமில்லை, பணமில்லை என்று சொல்லி வாஷிங்டன் பள்ளிகள் அவர்களை வெளியே நிறுத்தியிருந்தன. பணம் போதவில்லையென்றால் அந்தக் குறை இந்தப் பிள்ளைகள் தலையில் மட்டும் விழக் கூடாது, எல்லோருக்கும் பொதுவாகப் பகிரப்பட வேண்டும் என்று வாடி தீர்ப்பளித்தார். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு அரசுக் கல்வியை உறுதிசெய்து 1975-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்துக்கு அடித்தளமான இரண்டு வழக்குகளில் அது ஒன்று.